தாடை பிடித்துக்கொண்ட தேதி

கருப்பணசாமி துணை
நடுப்பட்டி, செக்கானூரணி வழி
24.1.1983

கோர்ட்டு டவாலி ராயப்பன் அவர்களுக்கு, நடுப்பட்டி நல்லகாமன் எழுதுவது.

உங்கள் வீட்டு விலாசத்தை வக்கீல் குமாஸ்தாவிடம் வாங்கினேன். தல்லாகுளத்துக்கு நேரில் வந்து சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன். கோர்ட்டு ஆளும் வழக்காடுகிற ஆளும் நின்று பேசுவதை எவனாவது பார்த்தால் எனக்குத்தான் கெடுதல் என்று குமாஸ்தா சொன்னதால் கடிதம் எழுதுகிறேன்.

போன புதன்கிழமை, பத்தொன்பதாம் தேதி, என் கிணற்று வழக்கு. நானும் என் வீட்டுக்காரியும் இரண்டு சாட்சிகளும் காலை ஒன்பது மணிக்கே வந்து வாசல் புங்க மரத்தடியில் உட்கார்ந்துவிட்டோம். நீங்கள் வராந்தாப் படியில் நின்று கூப்பிட்ட முதல் நாலு பெயரும் கணீரென்று கேட்டன. என் பெயர் வரவே இல்லை. பன்னிரண்டு மணிக்கு உள்ளே போய் விசாரித்தால், "மூணு தடவை கூப்பிட்டாச்சு, ஆள் இல்ல, கேஸ் தள்ளுபடி" என்கிறார்கள். என் வக்கீல் அந்த நேரம் வேறு கோர்ட்டில் இருந்திருக்கிறார்.

அது என் அய்யாவும் பெரியப்பாவும் சேர்ந்து வெட்டிய கிணறு. வாரத்தில் மூன்று நாள் தண்ணீர் எனக்கு. பெரியப்பா மகன் முத்திருளன் இல்லை என்கிறான். அதற்காக ஆறு வருஷமாகக் கோர்ட்டுக்கு அலைகிறேன். தள்ளுபடியான மறுநாளே மோட்டார் ரூமுக்குப் பூட்டுப் போட்டுவிட்டான். ஒன்றரை ஏக்கர் வாழை, குலை தள்ளுகிற பருவத்தில் நிற்கிறது.

முத்திருளன் உங்களுக்கு என்ன வாங்கிக் கொடுத்தான், காபியா, கறிச்சோறா? அதை மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
நல்லகாமன்

✶

தல்லாகுளம், மதுரை
28.1.1983

திரு. நல்லகாமன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. வாதி, பிரதிவாதி பெயர்களை மூன்று முறை கூப்பிடுவது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாகச் செய்து வருகிறேன். தங்கள் பெயரும் அவ்வாறே கூப்பிடப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது. எதிர்த்தரப்பார் முகம்கூட எனக்குத் தெரியாது. யாரிடமும் நான் எதுவும் வாங்கிச் சாப்பிடுவதில்லை.

தங்களுக்குக் கேட்கவில்லை என்றால் காதைக் காட்டிக்கொள்வது நல்லது. இனி இந்த விலாசத்துக்கு எழுத வேண்டாம்.

ஞா. ராயப்பன்

✶

நடுப்பட்டி
1.2.1983

டவாலி ராயப்பன் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் எனக்கு வேறு வழியில்லை.

என் காதுக்கு ஒன்றும் கேடில்லை. படுத்தபடியே எந்தக் கிணற்றில் எந்த மோட்டார் ஓடுகிறது என்று சொல்லுகிற காது இது. அன்றைக்கு என் வீட்டுக்காரி இருளாயி தண்ணீர் பிடிக்க வராந்தாக் குழாய்க்கு வந்திருக்கிறாள். உங்களைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறாள். உங்கள் கடிதத்தை நான் படித்துக் காட்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள். "அந்த மனுசன் வாயத் தொறக்க மாட்டாம, காதுக்குக் கீழ கைய வச்சு அமுக்கிக்கிட்டு நின்னாரு. என்னமோ மொனங்குனாரு. அது நம்ம பேருன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

இருளாயி பல விஷயம் தெரியாமல் பேசுவாள். இது தெரிந்து பேசுகிற விஷயம். எங்கள் பக்கம் இழவு விழுந்தால் ஒப்பாரி சொல்ல முதலில் அவளுக்குத்தான் ஆள் வரும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய சாவில் இரண்டு நாள் விடாமல் பாடி, பாட்டு நடுவிலேயே தாடை பிடித்துக்கொண்டது. துக்கத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்து, கூடியிருந்தவர்கள் இன்னும் சத்தமாக அழுதார்கள். இவள் தாடையைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அதனால் நேராகக் கேட்கிறேன். தள்ளுபடியான நாளிலிருந்து முப்பது நாளுக்குள் வழக்கைத் திரும்ப எடுக்க மனுப் போட வேண்டுமாம். பிப்ரவரி பதினெட்டு கடைசி நாள். முன்பே ஒரு தடவை மாடு கன்று போடுகிறது என்று வராமல் இருந்து முன்சீப்பிடம் பேச்சு வாங்கியவன் நான். இந்தத் தடவை வெறும் வாயால் சொன்னால் நம்ப மாட்டார் என்கிறார் வக்கீல். என் பெயரைக் கூப்பிட்டீர்களா, இல்லையா?

நல்லகாமன்

✶

தல்லாகுளம்
5.2.1983

திரு. நல்லகாமன் அவர்களுக்கு,

தங்கள் மனைவி பார்த்தது சரி.

மூன்று வருஷமாக, வாயைத் திறக்கும்போதெல்லாம் வலது காதுக்கு முன்னால் டக்கென்று ஒரு சத்தம். வறுத்த கடலையைத் தோல் உடைப்பது மாதிரி இருக்கும். பிறகு வலியும் வந்தது. காது என்று நினைத்துக் காது டாக்டரிடம் போனேன். சொட்டு மருந்து கொடுத்தார். பிறகு பல் என்றார்கள். ஒருவர் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இரண்டும் நல்ல பல்லாகத்தான் இருந்தன. வலி இருந்த இடத்திலேயே இருந்தது. வாயு என்று பக்கத்து வீட்டில் சொன்னதால் உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்தோம். ஒரு மணி நேரம் வலி குறையும், பிறகு பழையபடி.

பத்தொன்பதாம் தேதி நாலு பெயர் கூப்பிட்டேன். ஐந்தாவது தங்கள் பெயர். வாய் ஒரு விரலுக்கு மேல் திறக்கவில்லை. மூன்று வருஷமாக வந்த சத்தமும் அப்போது வரவில்லை. மூன்று முறை முனகினேன். உள்ளேயிருந்து பெஞ்சு கிளார்க், "கூப்பிட்டாச்சா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். நடந்தது அவ்வளவுதான். பிறகு தொண்டை கட்டிவிட்டது என்று சைகை காட்டி, சோலை என்ற பியூனைக் கூப்பிட வைத்தேன்.

டவாலிக்கு எழுத்து வேலை கிடையாது. குரல் ஒன்றுதான். அது போய்விட்டது என்று தெரிந்தால் டவாலிப் பட்டையை வேறு ஒருவர் தோளில் போடுவார்கள். சோலை அதற்கு ரொம்ப நாளாகத் தயார். என் மகள் ஆனிமேரிக்கு ஆசிரியப் பயிற்சி முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. கோர்ட்டில் பொய்யாகத் தலையாட்டியவன் என்று தெரிந்தால் மாற்றலோடு நிற்காது.

காதைக் காட்டச் சொல்லி எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். இதைப் படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

ராயப்பன்

✶

நடுப்பட்டி
8.2.1983

ராயப்பன் தம்பிக்கு,

கிழிக்கவில்லை. தகரப் பெட்டியில் நிலப் பத்திரத்தோடு வைத்துப் பூட்டியிருக்கிறேன். வக்கீலிடம் இன்னும் காட்டவில்லை. காட்டினால் அவர் விட மாட்டார். அதனால் முதலில் உங்கள் வைத்தியத்தைப் பார்ப்போம்.

வண்டியூர் தெப்பக்குளத்துக்கு மேற்கே பாக்கியம் என்று ஒரு பல் டாக்டரம்மா இருக்கிறார். இருளாயிக்கு அவர்தான் பார்த்தார். வலிக்கிறது என்றதும் பல் பிடுங்கக் குறடு எடுக்கிற ஆள் இல்லை. நடுப்பட்டி ஒப்பாரிக்காரி அனுப்பினாள் என்று சொன்னால் போதும், ஞாபகம் வந்துவிடும். இருளாயி உங்களுக்குச் சொல்லச் சொன்னது: "வெத்தலையத் தொடாதீங்க. கொட்டாவி வந்தா நாடிக்குக் கீழ கைய முட்டுக் கொடுத்துக்கங்க. முறுக்கு, கடலை எதையும் கடிக்காதீங்க. வாயால பிழைக்கிறவங்க நம்ம ரெண்டு பேருதான், பாத்துச் சூதானமா இருந்துக்கங்க."

டாக்டரம்மா சீட்டுக் கொடுப்பார். எந்தத் தேதியிலிருந்து வாய் திறக்கவில்லை என்று அதில் எழுதி வாங்குங்கள். பத்தொன்பதாம் தேதி என்று டாக்டர் கையெழுத்தோடு ஒரு வரி இருந்தால், அதை வைத்தே மனுவை நிற்க வைக்கலாம் என்று குமாஸ்தாவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுக்கொண்டேன். உங்கள் கடிதத்துக்கு வேலை இருக்காது. இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது.

நல்லகாமன்

✶

தல்லாகுளம்
12.2.1983

திரு. நல்லகாமன் அவர்களுக்கு,

பத்தாம் தேதி மாலை டாக்டர் பாக்கியத்தைப் பார்த்தேன்.

இரண்டு காதுக்கு முன்னாலும் விரலை வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னார். ஸ்கேலால் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். மற்றவர்களுக்கு மூன்று விரல் நுழையும், எனக்கு ஒன்றரை. மண்டை ஓட்டில் ஒரு குழி இருக்கிறதாம். அதில் தாடை எலும்பின் குமிழ் உட்காருகிறது. நடுவில் மெத்தை மாதிரி ஒரு சவ்வு. எனக்கு அந்த மெத்தை முன்பக்கமாக நழுவிவிட்டது. வாய் திறக்கும்போது குமிழ் அதன்மேல் ஏறுகிற சத்தத்தைத்தான் மூன்று வருஷமாகக் கேட்டிருக்கிறேன். இப்போது ஏற முடியாமல் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதனால் சத்தமும் இல்லை, வாயும் திறக்கவில்லை.

என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். "நாள் முழுக்கக் கத்துவீங்களோ?" என்றார். இல்லை. அரை மணிக்கு ஒரு பெயர்தான். மற்ற நேரம் வாசலில் அசையாமல் நிற்க வேண்டும். முன்சீப் எதிரில் கொட்டாவி விடக்கூடாது. வருகிற கொட்டாவியைப் பல்லை இறுக்கி உள்ளேயே அமுக்குவேன். "அதுதான் கோளாறு. மணிக்கணக்கா இறுக்கி வச்ச வாய ஒரே தெறப்பாத் தெறந்து கத்துனா எந்தக் கீலு தாங்கும்?" என்றார். தூக்கத்திலும் பல்லைக் கடிக்கிறேன் என்று கூட வந்த என் மனைவி சொன்னாள். வயிற்றில் பூச்சி என்று அதற்கு மருந்து சாப்பிட்டிருக்கிறோம் என்றும் சொன்னாள். டாக்டர் சிரித்தார். பல் பிடுங்கிய இடத்தைப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

வெந்நீரில் பிழிந்த துணியைக் காலையும் மாலையும் கால் மணி நேரம் வைக்க வேண்டும். ஆறு வாரம் கஞ்சி, இட்லி, குழைந்த சோறு. கத்தக்கூடாது. நாக்கு நுனியை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, ஒட்டியது விடாத அளவுக்கு வாயைத் திறந்து பழக வேண்டும். சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்கலாம், பல்லோடு பல் சேரக்கூடாது. தூங்கும்போது பல்லுக்கு உறை மாதிரி மாட்டிக்கொள்ள ஒரு தகடு செய்து தருகிறார்.

"எப்பப் பிடிச்சுச்சு?" என்று கேட்டார். "நேத்து," என்றேன்.

முந்தின நாள்தான் பிடித்தது என்றால் கையாலேயே இறக்கிவிடலாம் என்று சொல்லி, இரண்டு கட்டை விரலையும் கீழ்க்கடைவாயில் வைத்து, கீழே அழுத்தி முன்னால் இழுத்தார். மூன்று முறை இழுத்தார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். தாடை இறங்கவில்லை. "நேத்துப் பிடிச்சதுன்னா வந்திருக்கணுமே," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பத்தொன்பது என்று சொல்ல அப்போதும் பயமாக இருந்தது.

சீட்டில் பிப்ரவரி ஒன்பது முதல் என்று இருக்கிறது. ஆறு வாரம் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்தச் சீட்டு தங்களுக்கு உதவாது. மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை.

ராயப்பன்

✶

நடுப்பட்டி
15.2.1983

ராயப்பனுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் சாப்பிடவில்லை. கோபத்தில்தான். வாழை இலை நுனியெல்லாம் கருகுகிறது. குடத்தில் தண்ணீர் தூக்கி எத்தனை மரத்துக்கு ஊற்றுவது? முத்திருளன் வரப்பில் நின்று, "என்னண்ணே, கோர்ட்டுல கூப்பிட்டாகளா?" என்று கேட்டுவிட்டுப் போகிறான்.

நேற்று உங்கள் பழைய கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு வக்கீல் வீட்டுக்குப் போனேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அதை இன்னொரு தடவை படித்தேன். கிழித்துவிடுங்கள் என்கிற கடைசி வரியை விரலால் மறைத்துக்கொண்டும் படித்துப் பார்த்தேன். மறைத்தால் நல்ல சாட்சிக் கடிதம். வக்கீல் கை கழுவிவிட்டு வருவதற்குள் எழுந்து வந்துவிட்டேன்.

நான் பெரிய மனசுக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். ஊருக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில் உங்களை நான் திட்டாத திட்டு இல்லை. ஆனால் வலியோடு இருக்கிறவன் எழுதியதை வைத்து அவனைக் கவிழ்த்து, அந்தத் தண்ணீரை என் வாழைக்குப் பாய்ச்ச எனக்குப் பிடிக்கவில்லை. இருளாயியிடம் சொன்னேன். "சரி, குடம் இருக்கில்ல," என்றாள்.

உங்கள் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்களே கிழித்துக்கொள்ளுங்கள். நாளை மறுநாள் வெறும் மனுவைப் போடுகிறேன். தள்ளினால் தள்ளட்டும்.

நல்லகாமன்

✶

தல்லாகுளம்
17.2.1983

மதிப்புள்ள நல்லகாமன் அவர்களுக்கு,

நேற்று மாலை கடிதம் வந்தது. இன்று காலை தகடு மாட்டிப் பார்க்க டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. பிடித்த தேதி ஜனவரி பத்தொன்பது என்று அவரிடம் சொன்னேன். "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் இழுத்தே இருக்க மாட்டேன். மூணு வாரம் கழிச்சு அப்படி இழுக்கக்கூடாது. உங்க பொய்க்கு உங்க தாடையே அடி வாங்கியிருக்கு," என்றார். பழைய சீட்டை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, நான் இப்போது சொன்னதையும் பத்தாம் தேதி சொன்னதையும் சேர்த்துப் புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தார்.

அங்கிருந்து நோட்டரியிடம் போய்ப் பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் இருப்பது: பத்தொன்பதாம் தேதி வாதி நல்லகாமன் பெயரை நான் ஒரு முறைகூட முழுதாகக் கூப்பிடவில்லை, கூப்பிட்டதாகத் தலையசைத்தேன். பகல் இரண்டு மணிக்குத் தங்கள் வக்கீலிடம் நேரில் கொடுத்தேன். என்னை அவர் வீட்டு வாசலில் பலர் பார்த்தார்கள். தங்கள் மனுவோடு சேர்த்து இன்றே போட்டுவிட்டார்.

ஆனிமேரியிடம் சொல்லிவிட்டேன். கஞ்சி ஆற்றிக் கொடுத்தாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

ராயப்பன்

✶

நடுப்பட்டி
5.3.1983

ராயப்பன் தம்பிக்கு,

வழக்கைத் திரும்ப எடுத்துக்கொண்ட உத்தரவு நகல் நேற்றுக் கைக்கு வந்தது. விசாரணை முடியும்வரை மோட்டார் ரூமைப் பூட்டக்கூடாது என்றும் இருக்கிறது. வாழையில் பாதி தேறும்.

மூன்றாம் தேதி கூண்டில் நீங்கள் நின்றதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. முத்திருளன் வக்கீல், "சத்தமாச் சொல்லுங்க, கேக்கல," என்று ஒவ்வொரு பதிலுக்கும் சொன்னபோது எனக்கு ரத்தம் கொதித்தது. "ஊரையே கூப்பிட்ட வாய்தானே இது? இன்னைக்கு மட்டும் என்ன? வாதி கறிச்சோறு போட்டு அடைச்சுட்டாரா?" என்று சிரித்தார். நான் முதல் கடிதத்தில் உங்களைக் கேட்ட அதே கேள்வி. தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் கோபப்படவில்லை. இன்னும் கொஞ்சம் திறந்து சொல்லப் பார்த்தீர்கள். முகம் கோணிப் போயிற்று.

முன்சீப்தான் கையைக் காட்டி அந்த வக்கீலை நிறுத்தினார். "எவ்வளவு தெறக்க முடியுது, காட்டுங்க," என்றதும் நீங்கள் உங்கள் விரல் இரண்டைப் பல்லுக்கு நடுவில் வைத்தீர்கள். இரண்டாவது விரல் பாதியோடு நின்றுவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள். முன்சீப் தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தார். டாக்டர் சீட்டைக்கூட அதற்குப் பிறகுதான் படித்தார்.

உங்களை மட்டும் இருக்கச் சொன்னார்கள். எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம்வரை வெளியே நின்றோம். நீங்கள் வேறு வழியாகப் போய்விட்டீர்கள் போல. என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். இருளாயி கேட்டுக் கேட்டு என்னைத் துளைக்கிறாள்.

நல்லகாமன்

✶

தல்லாகுளம்
18.4.1983

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உத்தரவு வந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

இரண்டு வருஷத்துக்குச் சம்பள உயர்வு கிடையாது. டவாலி வேலை கிடையாது. வேலையை விட்டு எடுக்கவில்லை. ரெக்கார்டு ரூமில் கேஸ் கட்டு தூக்கி வைக்கிற வேலைக்குப் போட்டிருக்கிறார்கள். பட்டையைச் சோலையிடம் நானே கழற்றிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

தாடை இப்போது இரண்டரை விரல் திறக்கிறது. இனி மூன்று வராது போல என்கிறார் டாக்டர். வலி கிட்டத்தட்ட இல்லை. தகட்டைத் தினமும் மாட்டுகிறேன். ரெக்கார்டு ரூமில் கொட்டாவி விட யார் அனுமதியும் வேண்டியதில்லை. ஆனால் மேலே சோலை பெயர் கூப்பிடுகிற சத்தம் கேட்கும்போது பல் தானாக இறுகிக்கொள்கிறது. நாக்கை மேலே ஒட்டி, பல்லைப் பிரித்து வைத்துக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு இருபது முப்பது முறை இப்படிச் செய்ய வேண்டியிருக்கிறது. அந்தப் படியில் நிற்க எனக்கு இன்னும் ஆசை இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை ஒன்று நடந்தது. நான் இருக்கும் அறையின் ஜன்னல் சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்தது. அதன் சுவர் நிழலில் ஒரு வயதான அம்மா கையில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார். சோலை "சின்னத்தாய்" என்று கூப்பிட்டார். நல்ல குரல், குறை சொல்ல முடியாது. மூன்று முறையும் முழுதாகக் கூப்பிட்டார். முதல் தடவையே அந்தப் பெயர் என் காதில் விழுந்தது. அந்த அம்மா திரும்பவே இல்லை. மூன்றாவது முறையும் திரும்பவில்லை.

எனக்கு என்ன தோன்றியது என்றால், அண்ணே, இருபத்திரண்டு வருஷத்தில் நான் எத்தனை பேரை முழுதாகக் கூப்பிட்டு, ஆள் இல்லை என்று எழுத வைத்திருப்பேன். படியை விட்டு ஒருநாளும் கீழே இறங்கியதில்லை.

கையிலிருந்த கேஸ் கட்டை அப்படியே தரையில் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். அந்த அம்மாவின் தோளைத் தொட்டு, காதருகே குனிந்து, "ஆத்தா, உங்க பேரு சின்னத்தாயா?" என்று கேட்டேன். இரண்டரை விரல் வாய்க்கு அந்தச் சத்தம் போதுமானதாக இருந்தது. "ஆமய்யா, கூப்பிட்டாகளா? எனக்குக் காது கொஞ்சம் மந்தம்," என்று எழுந்தார். கையைப் பிடித்துப் படி ஏற்றி, கதவுவரை கொண்டுபோய் விட்டேன். உள்ளே பெஞ்சு கிளார்க் என்னைப் பார்த்து முறைத்தார். இடத்தை விட்டு ஏன் போனாய் என்று இன்று எழுத்தில் கேட்டிருக்கிறார்கள்.

வாதிக்குக் கேட்கவில்லை, அதனால் போனேன் என்று பதில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

தம்பி,
ராயப்பன்